காவலின் எல்லையும் களவின் ஈடும்

(நாகலாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது காவலின் அதிகார வரம்பு. ஓர் அரசின் எல்லைக்குள்ளேயே, அந்த அரசு நியமிக்காத காவல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குலமோ, ஒரு குடியோ, ஒரு பாளையமோ தன் ஆட்களைக் கொண்டு அதை நடத்துகிறது. அந்தக் காவல்காரர் யாரைப் பிடிக்கலாம்? எதுவரை துரத்தலாம்? பிடித்தவரை என்ன செய்யலாம்? அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்றைக்கும் உச்ச நீதிமன்றத்தின் படி ஏறிக்கொண்டிருக்கிறது. நம் சீமையில் இதை 1799ஆம் ஆண்டில் பீரங்கியையும் தூக்குக் கயிற்றையும் வைத்து முடித்தார்கள். அந்தத் தூக்குகளில் ஒன்று விழுந்த இடம் இந்த நாகலாபுரம். இதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

நாம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மேற்கே எட்டயபுரம், கோவில்பட்டி. வடக்கே அருப்புக்கோட்டை. கிழக்கே கமுதி, சாயல்குடிப் பக்கம். தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் என்று மூன்று மாவட்டங்களின் காவல் எல்லைகள் கிட்டத்தில் கூடுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் இதே வெளியில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கோலார்பட்டி, ஏழாயிரம்பண்ணை, மேல்மாந்தை என்று பாளையங்கள் நெருங்கிக் கிடந்தன. ஒரு பாளையத்தில் களவு போன உழவு மாடு பொழுது விடிவதற்குள் மூன்று பாளையங்களைத் தாண்டிவிடும். மழை பெய்த ஈரத்தில் நடந்த மாட்டின் குளம்புத் தடம் கரிசலில் பதிந்து, வெயில் பட்டதும் அப்படியே இறுகி நிற்கும்; வாரக்கணக்கில் அழியாது. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் தடமே விழாது. களவையும் துப்பையும் இந்த மண் இப்படித்தான் தீர்மானித்தது. தடம் எந்த ஊர் எல்லைக்குள் போய் மறைகிறதோ அந்த ஊர்க் காவல்காரர் தடத்தை ஏற்று மேலே கொண்டு போகவேண்டும், இல்லையென்றால் இழப்புக்குப் பொறுப்பாக வேண்டும் என்ற வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது.

காவலுக்குக் கூலி கொடுத்துப் பாதுகாப்புப் பெறும் ஏற்பாடு நாயக்கர் காலத்தில் தொடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். அது அதைவிடப் பழையது. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ வருகிறது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஊராரே கூடித் தங்கள் ஊரின் பாடிகாவல் உரிமையை ஓர் அரையருக்கு விற்றுக் கொடுத்த செய்தி இருக்கிறது. ஊரைக் காக்கும் உரிமை விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக இருந்தது. மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தபோது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டின் மேல் இன்னொரு தளம் கட்டினார்கள். கப்பம் கட்டு, படை அனுப்பு, உன் எல்லைக்குள் காவலைப் பார்த்துக்கொள் என்பது பாளையக்காரரோடு செய்த உடன்பாடு.

திருநெல்வேலிச் சீமையில் காவல் இரண்டு வகைப்பட்டது. தலக்காவல் ஒன்று, திசைக்காவல் ஒன்று. அந்தந்த ஊருக்கு அந்தந்தக் காவல்காரர் பார்ப்பது தலக்காவல். களத்தில் கம்பும் சோளமும் அடித்துத் தூற்றி, தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் அளக்கும்போது அதே களத்தில் காவல்காரருக்கும் அளப்பார்கள். அப்படி அளந்து வாங்கிய தானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊரில் களவு போனால் அவர் துப்புத் துலக்கிப் பொருளை மீட்டுத் தரவேண்டும். மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றைய உரை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

திசைக்காவல் பாளையக்காரருடையது. தம் பாளையத்துக்குள் மட்டுமல்லாமல், ஆர்க்காட்டு நவாபின் நேரடி ஆட்சியிலிருந்த சர்க்கார் ஊர்களிலும், நெடுவழிகளிலும் காவல் உரிமை கொண்டாடிப் பணம் வாங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பாளையங்களின் கப்பமான பேஷ்கஷ் வசூலித்த கலெக்டர் லஷிங்டன் இதை ஆராய்ந்து விரிவாக எழுதினார். தலக்காவல் பழைய மரபு என்பதும், பாளையக்காரர்கள் அதை மெல்ல விழுங்கித் திசைக்காவல் என்ற பெயரில் வசூலைப் பெருக்கிக்கொண்டார்கள் என்பதும் அவர் கருத்து. நவாபின் கை தளரத் தளர இந்த வசூல் ஏறியது. லஷிங்டன் கம்பெனி அதிகாரி. பாளையங்களை ஒடுக்குவதில் அவருக்கு அக்கறை இருந்தது. ஆனாலும் அவர் சொன்னதை அடியோடு தள்ளிவிட என்னால் முடியவில்லை. பணம் கொடுக்காத ஊரில் களவு நடக்கும், கொடுத்த ஊரில் நடக்காது என்றால், அந்தப் பணத்தில் காவல் எவ்வளவு, மிரட்டல் எவ்வளவு என்று ஊராருக்கே தெரிந்திருக்கும். பாளையக்காரர்களின் வீரத்தைப் பாடுகிற நாம் களத்துமேட்டில் நின்று அளந்து கொடுத்த சம்சாரியின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

இனி 1790களுக்கு வருகிறேன். அப்போதைய சட்ட நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தால் தலையைப் பிடித்துக்கொள்வார். நாட்டுக்கு உடையவர் ஆர்க்காட்டு நவாப். 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்கு. ஊருக்குள் காவல் பாளையக்காரருக்கும் காவல்காரருக்கும். ஒரு மனிதர் குற்றம் செய்தால் அவரை விசாரிக்க வேண்டியவர் யார்? நவாபா, வரி வசூலிக்க வந்தவரா, காவல் கூலி வாங்குகிறவரா? மூவருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருந்தது.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பு நமக்குத் தெரிந்த கதை. கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அதன் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கம்பெனி அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கட்டபொம்மன் அதன் முன் ஆஜரானார். குழு அவர் பக்க நியாயத்தை ஏற்றது. சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். குற்றம், விசாரணை, தீர்ப்பு என்ற ஒழுங்கு ஒருமுறை உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது.

அடுத்த ஆண்டு அந்த ஒழுங்கு காற்றில் போயிற்று. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையோடு வந்தார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. கோலார்பட்டியில் சுப்பிரமணிய பிள்ளை மறுபடி பிடிபட்டார். செப்டம்பர் 13 அன்று அவரை இந்த நாகலாபுரத்துக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் கழியில் குத்தி வைத்தார்கள். நாகலாபுரம் பாளையக்காரரின் உடன்பிறந்தவரான சௌந்தரபாண்டிய நாயக்கர் பக்கத்திலுள்ள கோபாலபுரத்தில் கொல்லப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து உட்கார வைத்துக்கொண்டு, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

நாகலாபுரத்தில் நடந்த அந்தக் கொலைக்கு நீதிமன்றம் எது? சாட்சி யார்? ஓராண்டுக்கு முன்பு முறைப்படி விடுவிக்கப்பட்டவர் அவர். நாட்டின் சட்டப்படியான உடைமையாளர் அப்போதும் நவாப்தான். கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது 1801 ஜூலை 31 உடன்படிக்கைக்குப் பிறகு. வரி வசூலிக்க மட்டும் உரிமை பெற்றவர்கள் ஓர் ஊரின் நடுவில் ஒருவரின் உயிரை எடுத்தார்கள். பாளையக்காரர்கள் வரம்பு மீறிக் காவல் பணம் வசூலிக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிய அரசு, தன் வரம்பைப் பற்றி அந்த நாளில் ஒரு வரியும் யோசிக்கவில்லை. எனக்கு இந்த ஊரின் வரலாற்றில் மனதை அறுக்கும் செய்தி இதுதான்.

நாகலாபுரம் உட்பட எதிர்த்து நின்ற பாளையங்கள் பறிக்கப்பட்டன. துணைநின்ற எட்டயபுரம் முதலானவை பங்கு பெற்றன. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பிடுங்கப்பட்டன. 1801இல் இரண்டாவது பாளையக்காரர் போர் முடிந்து, 1803இல் மிஞ்சிய பாளையக்காரர்கள் சனது என்ற உரிமைப் பத்திரம் பெற்று ஜமீன்தார்கள் ஆனார்கள். அந்தச் சனதில் நிலம் இருந்தது, பேஷ்கஷ் இருந்தது, காவல் இல்லை. திசைக்காவலைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்காக ஊர்கள் கொடுத்துவந்த பணமும் அரசின் வரவுக்குள் போனது. பணம் போன இடத்துக்கு அந்தப் பழைய நிபந்தனை போகவில்லை. களவுக்கு ஈடு என்ற கடமையைக் கம்பெனி தன் தலையில் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் வந்த காவல் ஏற்பாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1802இல் தாரோகா என்ற காவல் அதிகாரிகளை வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை, கம்பெனி அதிகாரி மன்றோவின் கருத்துப்படி, காவலை மறுபடியும் கிராமத் தலைவர், தலையாரி, தாசில்தார், கலெக்டர் என்ற வருவாய்ப் படிக்கட்டில் வைத்தது. சிறு குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே சில மணி நேரம் அடைத்து வைக்கலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் ‘தாழ்ந்த சாதி’ என்றால் தொழுமரத்தில் மாட்டலாம் என்று அந்த ஒழுங்குமுறையே எழுதி வைத்திருந்தது. ஒரே ஊரில், ஒரே குற்றத்துக்கு, தெருவைப் பொறுத்து வரம்பு மாறியது. ஊர்க்காவலின் பழைய நாட்களை ஏக்கத்தோடு பேசுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தப் பிரிவைத்தான்.

வரி வாங்குகிறவரே காவலராகவும் இருந்ததன் விளைவு 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை ஆணைய அறிக்கையில் இருக்கிறது. கிட்டி மாட்டி விரலை நெரிப்பது, குனிய வைத்துக் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது என்று வரிப் பாக்கிக்காகச் சம்சாரிகளுக்குச் செய்த கொடுமைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. வருவாய்த்துறையையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறையைக் கொடுத்தது. இன்று நம் ஊர்க் காவல் நிலையங்களின் வேர் அந்தச் சட்டத்தில்தான்.

சீருடைக் காவல் வந்ததும் பழைய காவல்காரர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை, அதற்குப் பிறகும்கூட, பல ஊர்கள் இரண்டு காவலுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தன. அரசுக்கு வரி, காவல்காரருக்குக் கூலி. மதுரைப் பக்கம் களவு போன மாட்டை மீட்கத் துப்புக்கூலி கொடுப்பது நடைமுறையாகவே இருந்தது. போலீஸ் கச்சேரிக்குப் போனால் எழுதிக்கொள்வார்கள். துப்புக்கூலி கொடுத்தால் மாடு வரும். 1896இல் திண்டுக்கல், பழநிப் பகுதி ஊர்கள் ஒன்றுகூடிக் காவல்காரர்களை விலக்கத் தொடங்கியபோது கலவரங்கள் வெடித்தன. அதில் பாதிக்கப்பட்டவர்கள் இரு பக்கமும் உண்டு.

அரசு எடுத்த வழி வேறு. காவல் தொழிலைச் சட்டத்துக்குப் புறம்பாக்கியது. பிறகு அந்தத் தொழில் செய்த சமூகங்களையே குற்றப் பரம்பரை என்று எழுதியது. 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகைப் பதிவை எதிர்த்துக் கூடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் ஒரு பெண்ணும் இறந்தார். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952இல். ஊரின் களவுக்குத் தன் வீட்டுத் தானியத்தை ஈடு கொடுக்கும் கடமை பெற்றிருந்தவரின் பேரன், எந்தக் களவும் செய்யாமலே, ராத்திரி முழுவதும் காவல் நிலைய வாசலில் படுத்துக் கிடந்தார். ஒரு நூற்றாண்டில் நடந்த மாற்றம் இது.

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்ப்போம். அங்கே தொல்குடிகளின் ஒதுக்கீட்டு நிலங்களில் அவர்களுக்கென்று தனிக் காவல்துறை உண்டு, தனி நீதிமன்றம் உண்டு. அந்த நிலத்தைச் சுற்றிலும் மாநிலம். மேலே கூட்டாட்சி அரசு. 1953இல் கொண்டுவந்த 280ஆம் பொதுச் சட்டம் கலிபோர்னியா, ஓரிகன் முதலிய சில மாநிலங்களுக்குத் தொல்குடி நிலங்களில் குற்ற வழக்கு அதிகாரத்தைக் கொடுத்தது. 1978இல் வாஷிங்டன் மாநிலத்துச் சுக்குவாமிஷ் குடியின் வழக்கில், தொல்குடியைச் சேராதவரை அந்தக் குடியின் நீதிமன்றம் குற்றவாளியாக விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் வெளியாள் ஒருவர் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் வந்து குற்றம் செய்தால் குடியின் காவலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

பதில் வர 43 ஆண்டுகள் ஆயின. மொன்டானா மாநிலத்தில் க்ரோ குடியின் நிலத்துக்குள் போகும் நெடுஞ்சாலை. 2016இல் ஒரு நாள் நள்ளிரவுக்குப் பின் ஓரமாக ஒரு வண்டி நிற்கிறது. குடியின் காவலர் உதவி வேண்டுமா என்று கேட்கப் போகிறார். உள்ளே துப்பாக்கிகள், பிறகு போதைப்பொருள். இருந்தவர் கூலி என்ற பெயருடையவர், தொல்குடி அல்லர். அவரை நிறுத்தவோ சோதிக்கவோ அந்தக் காவலருக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடினார்கள். 2021 ஜூன் 1 அன்று கூலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: நிறுத்தலாம், சந்தேகத்துக்குக் காரணமிருந்தால் சோதிக்கலாம், உரிய அதிகாரியிடம் ஒப்படைக்கும்வரை வைத்திருக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் வேறு, தன் மக்களின் பாதுகாப்புக்காகத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் வேறு என்று பிரித்துக் காட்டியது. பல இடங்களில் மாநிலமும் குடியும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் காவலருக்கு மற்றவர் எல்லையில் அதிகாரம் கொடுத்துக்கொள்கிறார்கள். நம் ஆதித் தலக்காவலை இப்படி ஒரு தீர்ப்பாலோ ஒப்பந்தத்தாலோ எல்லைகட்டி வைத்திருக்கலாம். அந்த வாய்ப்பை 1799இலேயே அடைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் அப்படியொரு ஏற்பாடே இல்லை என்று எண்ண வேண்டாம். அரசமைப்பின் ஆறாம் அட்டவணை, வடகிழக்கின் தன்னாட்சி மாவட்ட மன்றங்களுக்கு ஊர்க் காவல் குறித்துச் சட்டமியற்றும் உரிமையையே கொடுத்திருக்கிறது. நாகாலாந்துக்கு 371ஏ பிரிவு, நாகர்களின் வழக்காற்றுச் சட்டப்படி நடக்கும் குற்றவியல் நீதியில் நாடாளுமன்றச் சட்டம் தானாக நுழைய முடியாதபடி காப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகூட ஒன்றும் இல்லை. இங்கே 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்ததோடு பழைய ஏற்பாட்டின் கடைசி இழையும் அறுந்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறப்பால் வரும் அதிகாரம் எந்தத் துறையிலும் கூடாது. அதை எதிர்த்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 1982இல் அரசின் பக்கமே நின்றது.

இப்போது அந்தப் பழைய நிபந்தனைக்குத் திரும்ப வருகிறேன். அதிகாரம் யாரிடம் இருந்தது, எல்லை எதுவரை என்று வரலாற்று ஆசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தவறினால் யார் பணம் கட்டுவது என்பதை எவரும் அவ்வளவாகக் கேட்டதில்லை.

1947 செப்டம்பரில் அமிர்தசரஸைச் சேர்ந்த நகை வியாபார நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் மீரட்டுக்கு ரயிலில் வந்து இறங்குகிறார். கையில் தங்கமும் வெள்ளியும். சந்தேகத்தின் பேரில் காவலர்கள் அவரைப் பிடித்துப் பொருளைக் கைப்பற்றினார்கள். அவர் மறுநாளே விடுவிக்கப்பட்டார். வெள்ளி திரும்பக் கிடைத்தது. நூறு தோலாவுக்கு மேலிருந்த தங்கம் கிடைக்கவில்லை. காவல் நிலையச் சேமிப்பறைக்குப் பொறுப்பாயிருந்த தலைமைக் காவலரே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கஸ்தூரிலால் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இது. காவலர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறையாண்மைச் செயல்கள், ஆகவே அரசு ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் இந்த நிலை திருப்தியானதல்ல, சட்டமன்றங்கள் சட்டம் செய்ய வேண்டும் என்றும் எழுதினார். தீர்ப்பு வந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அப்படியொரு பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். இதே கரிசலில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலக்காவல்காரர், தன் பொறுப்பில் இருந்த ஊரில் எவனோ ஒருவன் திருடிய மாட்டுக்கு ஈடு கட்ட வேண்டியிருந்தது. ஒரு பெரிய அரசு, தன் காவல் நிலையத்துக்குள்ளேயே தன் காவலரே திருடிய தங்கத்துக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடிந்தது.

உயிர் போன வழக்குகளில் நீதிமன்றங்கள் மேலே வந்திருக்கின்றன. 1993இல் ஒடிசாவின் நீலாபதி பெஹரா வழக்கில், காவலில் மகனை இழந்த தாய்க்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும், அடிப்படை உரிமை மீறலுக்கு இறையாண்மை என்ற கேடயம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. 1996இன் டி.கே.பாசு தீர்ப்பு கைதின்போது பின்பற்ற வேண்டிய முறைகளை வகுத்தது. ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் போய் நின்று போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச் சென்ற தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் இரண்டு செய்திகள் இன்றைய பொருளோடு நேராகச் சேர்கின்றன.

‘போலீஸ் நண்பர்கள்’ என்ற தன்னார்வ அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. சீருடையும் பொறுப்பும் சட்ட வரம்பும் இல்லாதவர் காவல் நிலையத்துக்குள் என்ன அதிகாரத்தில் நிற்கிறார் என்ற கேள்வியை அன்று ஊரே கேட்டது. 1990களில் இராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய அமைப்பு அது. வரம்பை எழுதி வைக்காத காவல் எதுவாக இருந்தாலும், தொடங்கியவரின் நல்லெண்ணம் அதைக் காப்பாற்றாது.

மற்றது இன்னும் வியப்பானது. விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டுக்கு நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்காததால், தடயங்கள் அழியாமல் இருக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1855 அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது உடம்பைச் சிலிர்க்க வைக்கும். வருவாய்த்துறையிடமிருந்து மக்களைக் காக்கக் காவல்துறையைப் பிரித்தார்கள். அந்த அறிக்கைக்கு 165 ஆண்டுகள் கழித்து, காவல் நிலையத்திடமிருந்து சாட்சியத்தைக் காக்க வருவாய்த்துறையைக் கூப்பிட வேண்டியிருந்தது.

எல்லைச் சிக்கல் ஓரளவு தீர்ந்திருக்கிறது என்று சொல்லவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. நாகலாபுரத்தில் ஆடு களவு கொடுத்தவரைக் கமுதிக்குப் போ, அருப்புக்கோட்டைக்குப் போ என்று இனிமேல் அலைய விடக்கூடாது. விடுகிறார்கள் என்றால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யும் அதிகாரமுள்ள குற்றத்தில், காவலர் இந்தியா முழுவதும் எங்கும் துரத்திச் சென்று பிடிக்கலாம் என்பதும் பழைய சட்டத்திலிருந்து தொடர்கிறது. பாளையக்காரர் கனவிலும் காணாத எல்லை இது.

இவ்வளவு பெரிய எல்லைக்கு ஏற்ற பொறுப்பு எங்கே இருக்கிறது? 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையங்கள் அமைக்க வேண்டும், மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டது. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். காவல்துறைத் தலைவர் அதில் உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டரும் காவல் கண்காணிப்பாளரும். புகார் யார் மீதோ அவருடைய மேலதிகாரியே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் சிலராவது நாளை சட்டம் படிப்பீர்கள், சிலர் காவல்துறையிலேயே சேர்வீர்கள். உங்களிடம் இரண்டு கோரிக்கைகளை விட்டுச் செல்கிறேன். கஸ்தூரிலால் தீர்ப்பில் தலைமை நீதிபதி கேட்ட சட்டத்தைத் தமிழ்நாடாவது இயற்ற வேண்டும். காவலில் இருக்கும் மனிதருக்கும், காவலில் வைத்த பொருளுக்கும் நேரும் இழப்பை, நீதிமன்றத்துக்கு அலைய விடாமல், குறித்த காலத்துக்குள் அரசு ஈடுகட்ட வேண்டும். தவறு செய்தவரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்வது அரசின் பாடு. மாவட்டப் புகார் ஆணையத்தில், உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் உட்கார வேண்டும். அந்த ஆணையம் தூத்துக்குடியில் மட்டும் கூடாமல் விளாத்திகுளத்திலும் கோவில்பட்டியிலும் வந்து கூட வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்ப் புகார் கொடுக்க இங்குள்ள ஒரு கரிமூட்டத் தொழிலாளியால் முடியாது.

இந்தச் சட்டத்துக்கான முன்வரைவு ஒன்றை இந்த வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுக்கலாம் என்று அறக்கட்டளைக் குழுவினரோடு பேசியிருக்கிறேன். அதில் கையெழுத்திட விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் வரலாம்.